கரீம் பாய் எடுத்துக் கொடுத்த கம்பி

பழைய பாயிண்ட் மோட்டாரைப் பற்றி, வேலைக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் வேலை பழகிய செல்வி கேட்டாள். நாலு வரியில் முடியாது. எனக்குப் பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வந்தால் அதிகம். எழுத்தில் பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

ரயில் வேலைக்கு ஆள் பழக்கும் பள்ளிக்கூடங்களில் பெரிய மேசை ஒன்று இருக்கும். மேசை என்றால் ஓர் அறை அகலம். அதன்மேல் குட்டி ஸ்டேஷன், குட்டித் தண்டவாளம், விரல் உயரத்துக்கு சிக்னல், உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின். நிஜ ரயிலைத் தொடுவதற்கு முன்னால் இதில்தான் பழகுவார்கள். ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பேர். அங்கே நாக்குப் போல இரண்டு துண்டுகள் இருக்கும். அவை இப்படியும் அப்படியும் நகர்ந்தால்தான் வண்டி இந்தத் தடத்திலோ அந்தத் தடத்திலோ போகும். நாக்கை நகர்த்துவது மேசைக்கு அடியில் பொருத்திய மோட்டார்.

மோட்டார் என்று பேரே தவிர, பழைய மோட்டாரில் சுழல்வது எதுவும் கிடையாது. இரண்டு காயில், அதாவது கம்பிச் சுருள், நடுவில் ஓர் இரும்புக் குச்சி. ஒரு காயிலுக்குக் கரண்ட் விட்டால் குச்சி டக்கென்று அந்தப் பக்கம் போகும், மற்றதற்கு விட்டால் டக்கென்று இந்தப் பக்கம் வரும். பொத்தானை அமுக்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால் காயில் சூடாகும். சரியாகச் சுற்றிய காயில் பத்து எண்ணும் வரை தாங்கும். சுற்று குறைந்த காயில் தாங்காது, புகைந்து எரிந்துபோகும்.

அந்தக் காயில்களைச் சுற்றியவள் நான். சூரமங்கலத்துப் பட்டறையில் இருபத்தொன்பது வருடம்.

இப்போது வந்திருப்பது மெதுவாக நகர்த்துகிற மோட்டார். நிஜப் பாயிண்ட் போலவே நிதானமாக நகர்ந்து போய் நிற்கும். நாள் முழுக்கக் கரண்ட் இருந்தாலும் எரியாது. நல்ல மோட்டார். பழசு போகிறதே என்று நான் அழப்போவதில்லை. எழுத வேண்டியது வேறு.

என் பேர் ஆரோக்கியம், பிறந்தது மோகனூர். கல்யாணமாகிச் சூரமங்கலம் வந்தேன். வீட்டுக்காரர் பார்சல் ஆபீசில் மூட்டை சுமந்தார், அவரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. முதலில் அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டில், நாடாவுக்குள் வைக்கும் நூல் தார் சுற்றப் போனேன். நூலை அறுக்காமல் சுற்றும் கை என்று அங்கே பேர் வாங்கினேன். அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான் பட்டறையில் கூப்பிட்டார்கள். நூலுக்குப் பதில் தலைமுடி போன்ற செம்புக் கம்பி, அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று மாதத்தில் கை பழகிவிட்டது. கணக்குத்தான் பழகவில்லை.

ஒரு காயிலுக்கு ஐநூறு சுற்று. வாயால் எண்ணினால் இருநூறு தாண்டும்போது யாராவது ஒருத்தி ஏதாவது கேட்பாள், எண்ணிக்கை போய்விடும். சிலேட்டில் கோடு போட்டுப் பார்த்தேன், கோட்டை எண்ணுவதற்குள் சுற்று மறந்துபோகும். எங்கள் மேஸ்திரி கரீம் பாய் இதை ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் சட்டைப் பையிலிருந்து, அல்லாவின் பேரை எண்ணிச் சொல்லும் தன் தஸ்பீஹ் மாலையை எடுத்துக் காட்டினார். அவர் காயில் சுற்றும் காலத்தில் அதில்தான் கணக்கு வைத்துக்கொள்வாராம்.

"ஒனக்குத்தான் ஒன் மாலை இருக்குதேம்மா. அத வெச்சுக்க" என்றார்.

மறுநாள் என் ஜெபமாலையைக் கொண்டுபோனேன். பத்துப் பத்துச் சிறிய மணியாக ஐந்து கூட்டம், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் தனியாக ஒரு பெரிய மணி. பத்துச் சுற்றுச் சுற்றியதும் கைப்பிடியை நிறுத்துவேன், மடியில் கிடக்கும் மாலையில் ஒரு சிறிய மணியைத் தள்ளுவேன். பத்து மணி தள்ளினால் நூறு சுற்று. பெரிய மணி வந்தால் ஒரு சுற்றுக் காகிதம் வைத்து, அதன்மேல் மறுபடி சுற்றுவேன். மாலை ஒருமுறை முடிந்தால் ஐநூறு. யார் கூப்பிட்டாலும் பேசலாம், சிரிக்கலாம். கணக்கு மடியில் இருக்கும்.

பக்கத்து மேசை புஷ்பத்துக்கு இது பெரிய வேடிக்கை. "இவ காயிலுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்துத்தான் அனுப்புவா போல" என்பாள்.

"குடுக்கட்டும். எரியாம இருந்தா செரி" என்பார் பாய்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமானவர், ஒல்லி, குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கம்பி உருளையை அலமாரியிலிருந்து அவர்தான் எடுத்துக் கொடுப்பார். கொடுப்பதற்கு முன் கை கழுவுவார். கம்பி நுனியை அளவுக் கருவியில் வைத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கேஜ், அதாவது கம்பியின் கனம், சரியா என்று கிட்டத்தில் கொண்டுவந்து பார்ப்பார். ஒவ்வொரு நாள் சுற்றிய காயிலுக்கும் ஒரு நிற நூல் கட்டச் சொல்வார். ஏதாவது கெட்டுப்போனால் எந்த நாள் வேலை என்று உடனே தெரிய வேண்டுமாம். ஆறில் ஒன்றை எடுத்துக் கரண்ட் விட்டுப் பத்து எண்ணிப் பார்ப்பார். மற்றவர்கள் சுற்றியதைத்தான் பார்ப்பார். என்னுடையதைப் பார்ப்பதில்லை. "ஆரோக்கியம் சுத்துனதா? கட்டி வையி" என்பார். அந்த வார்த்தைக்காகவே நான் காலையில் கால்மணி நேரம் முந்திப் போவேன்.

இன்னொரு வழக்கம் அவருக்கு உண்டு. உருளையைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்பார்: "மனசு கணக்குல இருக்குதாம்மா?" வீட்டில் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், ஏதோ ஒன்று என்றால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். ஏன் என்று கேட்க மாட்டார். அன்றைக்குக் கம்பி கிடையாது, காகிதம் வெட்டும் வேலை. புஷ்பம் வாரத்தில் இரண்டு நாள் காகிதம் வெட்டுவாள். நான் ஒருநாளும் வெட்டியதில்லை. அது எனக்குப் பெருமை.

இருபத்து நான்கு மோட்டாருக்கு ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்து வேலை வந்திருந்தது. காயில் முழுவதும் நானே சுற்ற வேண்டும் என்று பாய் சொல்லிவிட்டார். பாதி முடிந்திருந்த நேரத்தில் மோகனூரிலிருந்து ஆள் வந்தது. என் தம்பி சவரி கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். லோடு இறக்கிவிட்டுக் காவிரியில் குளிக்க இறங்கியவன் கரையேறவில்லை. ஆற்றில் அப்போது தண்ணீர் அதிகம்.

பட்டறையில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன். தம்பியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று எனக்கு இருந்தது. இரண்டு நாள் கரையில் உட்கார்ந்திருந்தோம். பரிசல் போட்டுத் தேடினார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் பெண்கள் ஒப்பாரி ஆரம்பித்துவிட்டார்கள். ஆளே இன்னும் கிடைக்கவில்லை, அதற்குள் ஒப்பாரியா என்று எனக்கு ஆத்திரம். அம்மா என் கையைப் பிடித்தாள். எனக்கு வேலை கிடக்கிறது என்று உதறிவிட்டு மறுநாள் முதல் பஸ் ஏறினேன். அப்படிப்பட்டவள் நான்.

பாய் உருளையை எடுத்துவந்தார். கை கழுவினார், கம்பியை அளந்தார்.

"அம்மாவுக்கு எப்படிம்மா இருக்குது?"

"தேவலைங்க பாய்."

"மனசு கணக்குல இருக்குதா?"

"இருக்குதுங்க பாய்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உருளையைக் கொடுத்தார்.

அன்றைக்கு எட்டுக் காயில் சுற்றினேன், நான்கு மோட்டாருக்கு. நீல நூல் கட்டினேன். மடியில் அதே மாலை கிடந்தது. அந்த இரண்டு நாளும் கரையில் சவரிக்காக உருட்டிய மாலை அது, வேறு மாலை என்னிடம் இல்லை. கைப்பிடியை நிறுத்தி மணியில் கை வைக்கும்போதெல்லாம் வாய் தானாக ஜெபம் சொன்னது. ஜெபம் சொன்னால் கை அடுத்த மணிக்குப் போகும், அது பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். எத்தனை மணி சுற்றுக்காக நகர்ந்தது, எத்தனை மணி சவரிக்காக நகர்ந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. பெரிய மணி வந்தது, காகிதம் வைத்தேன். மாலை முடிந்தது, கம்பியை அறுத்தேன். காயில் மெலிந்துதான் இருந்திருக்கும். என் கண் அன்றைக்குக் காயிலைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் சவரியைக் கீழ்க்கரையில் ஒரு நாணல் புதரில் எடுத்தார்கள்.

மோட்டாரைப் பொருத்தி ஒப்படைக்கும் நாளில் முதலாளி, பாய், நான் மூன்று பேரும் பயிற்சிப் பள்ளிக்குப் போனோம். மேசையைச் சுற்றி அதிகாரிகள் நின்றார்கள், படிக்கிறவர்கள் நின்றார்கள். வாத்தியார் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி, அமுக்கிய விரலை எடுக்காமலே விளக்கம் சொன்னார். டக், டக் என்று எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு பாயிண்டுக்கு அடியிலிருந்து கம்பியின் எனாமல் பூச்சு கருகும் வாசனை வந்தது. அதற்கடுத்ததில் புகையே வந்தது. மூன்றாவதில் நாக்கு பாதியில் நின்றுபோய், வந்துகொண்டிருந்த குட்டி எஞ்சின் அங்கே ஏறிக் குப்புற விழுந்தது. படிக்கிறவர்களில் யாரோ சிரித்தார்கள். பாய் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். மூன்றிலும் நீல நூல்.

பட்டறைக்கு வந்ததும் முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார், யார் தப்பு என்று.

"என்ற தப்புங்க மொதலாளி" என்றார் பாய். "அன்னிக்குக் கேஜ் மாத்தி எடுத்துக் குடுத்துப்போட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க."

அவர் நெற்றிக்கு ஏற்றும் அந்தக் கண்ணாடியைத் தினம் பார்க்கிறவர்கள்தானே எல்லோரும். முதலாளி நம்பினார். கண் தெரியாத மேஸ்திரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அன்றைக்கே வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

நான் பத்தடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, எனக்கு வேறு வேலை கிடைத்திருக்கும். ஆரோக்கியம் கணக்குத் தவறிவிட்டாள் என்று புஷ்பத்தின் வாயில் வருவதை என்னால் கேட்க முடியாது. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று இத்தனை வருடம் யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு எதுவும் இல்லை.

பாய் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போனவர் நின்று என்னைக் கூப்பிட்டார். ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"தம்பிய எத்தனாம் நாளும்மா எடுத்தாங்க?"

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

"அஞ்சாம் நாளுங்க பாய்."

"நீ மூணாம் நாளே வேலைக்கு வந்துட்டியேம்மா" என்றார். கோபம் இல்லை. எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எரிந்த காயில் மூன்றும் உருகிக் கட்டியாகிவிட்டன, பிரித்து எண்ண வழியில்லை. நீல நூல் கட்டிய நான்காவது மோட்டார் மேசையின் ஓரத்தில், யாரும் அதிகம் அமுக்காத ஒரு பாயிண்டுக்கு அடியில் எரியாமல் கிடந்தது. ஒன்றும் ஆகாததை ஏன் கழற்றுவது என்று விட்டுவிட்டார்கள். நான் கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை.

மேஸ்திரி வேலையும் பாயின் முக்காலியும் எனக்கு வந்தன. அதில் உட்கார்ந்து எத்தனையோ பெண்களுக்குக் காயில் சுற்றப் பழக்கினேன். செல்வியும் அப்படி வந்தவள்தான். இப்போது எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். வருகிற ஒவ்வொருத்திக்கும் முதல் நாள் ஒரு கதை சொல்வேன். கம்பியைப் பார்த்து எடுங்கள், கரீம் பாய் என்று ஒரு பெரிய மேஸ்திரி இருந்தார், அவரே ஒருநாள் கேஜ் பார்க்காமல் எடுத்து மூன்று மோட்டார் எரிந்துபோனது என்று. அவரே சொன்னதுதானே, அவர் பொய் சொல்லக்கூடியவரா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். சொல்லச் சொல்ல அது நிஜம் போலவே ஆகிவிட்டது. பாய் மௌத்தாகிவிட்டார், உயிர் போய்விட்டது என்று செய்தி வந்தபோது பட்டறையிலிருந்து எல்லோரும் கோட்டையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனார்கள். நான் அன்றைக்கு அவசர வேலை இருக்கிறது என்று உட்கார்ந்து காயில் சுற்றினேன்.

போன மாதம் செல்வி ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். அதே பயிற்சிப் பள்ளியில் பழைய மோட்டாரையெல்லாம் எடுத்துவிட்டுப் புது மோட்டார் போடும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. மேசைக்கு அடியில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, நீங்கள் வந்து காட்டுங்கள் என்றாள். போனேன். குனிய முடியாது, ஒரு நாற்காலி போட்டார்கள். சொல்லச் சொல்லப் பெண்கள் கழற்றினார்கள்.

வேலைக்கு நடுவில் செல்வி அந்தப் பெண்களிடம் சொல்வது காதில் விழுந்தது. "கேஜ் பாத்து எடுங்கடி. கரீம் பாய்னு ஒருத்தரு, எவ்வளவு பெரிய ஆளு, கண்ணு தெரியாம எடுத்துக் குடுத்து மூணு மோட்டாரு எரிஞ்சு போச்சு. அந்தக் கெதி நமக்கு வரக்கூடாது."

என் வார்த்தைதான், என் குரலில்தான் சொன்னாள். அந்தப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"செல்வி, ஓரத்துல ஒண்ணு இருக்கும் பாரு சாமி. நீல நூல் கட்டுனது. அதக் கழட்டி என்ற கையில குடு" என்றேன்.

நூல் வெளுத்து வெள்ளையாகத்தான் இருந்தது. முடிச்சுக்கு உள்ளே மட்டும் நீலம். நாங்கள் வார்னிஷ் போடுவதில்லை, டேப் சுற்றித்தான் கட்டுவோம், அதனால் கம்பி ஒட்டாமல் பிரிந்தது. செல்வி நுனியைச் சுரண்டி அளவுக் கருவியில் வைத்துப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"கம்பி சரியாத்தான் இருக்குதுங்கக்கா. கேஜ் மாறவே இல்ல."

நான் மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பிரித்தேன். கடைசியாகச் சுற்றியதுதான் முதலில் வரும். காகிதம் வரும் வரை நூறு. அடுத்த காகிதம் வரை நூறு. அடுத்தது நாற்பதிலேயே காகிதம் வந்துவிட்டது. அதற்கு உள்ளே முப்பதில் வந்துவிட்டது. அடியில் இருந்தது நூறு. ஐநூறுக்கு முன்னூற்று எழுபது. மற்றொரு காயிலைப் பிரிக்கவில்லை. தேவைப்படவில்லை.

குறைந்த நூற்று முப்பது சுற்றும் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று மணி. அந்தப் பதின்மூன்றையும் சவரிக்குச் சொல்லியிருக்கிறேன். அவனுக்காகச் சொன்னதை நான் குறையாக நினைக்கவில்லை. காகிதம் வெட்டிக்கொண்டே சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே பாய் அந்த வேலையை வைத்திருந்தார்.

செல்விக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் பிரித்த கம்பியைச் சுருட்டினாள். "விடுங்கக்கா, இப்ப யாருக்குத் தெரியப் போகுது" என்றாள்.

"நீ சொல்லச் சொல்ல ஒரு புள்ள சிரிச்சாளே, அவளுக்குத் தெரியோணும்" என்றேன். கம்பியின் அளவை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் கோட்டைக்குப் போய் விசாரித்துப் பாய் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் சம்சாரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பேரைச் சொன்னேன்.

"நீதானா ஆரோக்கியம்" என்றார். மருமகளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். "அந்தப் பொண்ணு ஒருநாள் வரும், எதுவும் கேக்காத, தேத்தண்ணி குடுத்து அனுப்புன்னு அவரு சொல்லி வெச்சிருந்தாரு. நீதாம்மா வரவே இல்ல."

அவர் சொல்லிவைத்தபடியே அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. நானேதான் எல்லாவற்றையும் சொன்னேன், சவரி ஆற்றில் இறங்கியதிலிருந்து முந்தின நாள் எண்ணியது வரை. தேத்தண்ணி ஆறிப்போனது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். எம் மவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. பெத்த அத்தா தப்புப் பண்ணித்தான் வேலை போச்சுன்னு அவன் இன்னமும் நெனச்சிட்டு இருக்கான். அவரு போகுற வரைக்கும் அவன் அவரக் கடையில ஒரு பொருளத் தொட உடல. கண்ணு தெரியாது, மாத்தி எடுத்துருவீங்கன்னு சொல்லிச் சொல்லியே ஒக்கார வெச்சுட்டான்."

மகன் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு வரும் வரை இருந்தேன். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், அதே உயரம். நான் எழுந்து நின்றேன். எந்த முதலாளிக்கும் நான் எழுந்து நின்றதில்லை.

"உங்க அத்தா எடுத்துக் குடுத்த கம்பி சரியான கம்பிங்க தம்பி. தப்பாச் சுத்துனது நானு" என்றேன். காயிலிலிருந்து பிரித்த கம்பியையும், அளவு எழுதிய செல்வியின் சீட்டையும் கொடுத்தேன்.

அவர் கம்பியை விரலில் சுற்றிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்.

"அத்தா இருக்கறப்ப வந்திருக்கக் கூடாதுங்களாம்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. அவர் கோபமாகக் கேட்கவில்லை.

"வந்திருக்கோணுமுங்க தம்பி" என்றேன்.

பஸ் நிறுத்தம் வரை அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டார். கம்பி அவர் சட்டைப் பையில் இருந்தது.